இங்கு நலம், மல்லாட்டைக்கு 1

முதல் மாதம் முந்நூற்றுப் பன்னிரண்டு குறுஞ்செய்திகள் வந்தன. ஒன்பதுக்குத்தான் எங்கள் கணினி விலை சொன்னது. அந்த ஒன்பதில் ஆறு, சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க நாங்களே அனுப்பியவை.

சேவை எளிமையானது. 'மல்லாட்டை திண்டிவனம்' என்று தட்டி எங்கள் எண்ணுக்கு அனுப்பினால், அன்று காலை திண்டிவனம் கமிட்டியில் மல்லாட்டை மூட்டை என்ன விலைக்குப் போனது என்று அரை நிமிடத்தில் பதில் வரும். எங்கள் பக்கத்தில் வேர்க்கடலையை மல்லாட்டை என்பார்கள், விளைச்சலை ஏலம் விடும் விற்பனைக்கூடத்தைக் கமிட்டி என்பார்கள். நெல், கேப்பை, உளுந்துக்கும் உண்டு. விழுப்புரம் விலையும் உண்டு. கணினி, வரும் செய்தியின் முதல் சொல்லைப் பார்க்கும். அது பயிரின் பெயராக இருந்தால் தேடும். இல்லாவிட்டால் 'தவறான சொல். சரியாக அனுப்பவும்' என்று பதில் போடும்.

வடிவமைத்தது நான். எம்.சி.ஏ. படித்திருக்கிறேன்.

அது 2009 ஜனவரி. அலுவலகம் திண்டிவனத்தில், ஒரு உரக்கடையின் மாடி. மூன்று பேர் இருந்தோம். அறக்கட்டளையின் தலைவர் சவுரிராயன் ஐயா, ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் சிவப்புப் பேனாவைத் தேடுவார். கலைமதி அனந்தபுரத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். காலையில் இரண்டு கமிட்டிகளுக்கும் போன் போட்டு விலைகளைக் கணினியில் ஏற்றுவாள். நான் விழுப்புரத்திலிருந்து பாசஞ்சர் ரயிலில் வருவேன். பெயர் வளன். கணினியைப் பார்த்துக்கொள்வேன்.

சேவைக்கு ஒரு சிம் தேவைப்பட்டது. அறக்கட்டளையின் பெயரில் கொடுத்த விண்ணப்பம், முகவரிச் சான்று போதாது என்று இரண்டு முறை திரும்பி வந்தது. திறப்பு விழாவுக்கு மூன்று நாள்தான் இருந்தது. என்னிடம் ஒரு சிம் சும்மா இருந்தது. ரோஸ்லினுடையது. என் மனைவி. அவள் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. மாதம் ஒருமுறை அதைப் போனில் போட்டு ரீசார்ஜ் செய்து, எடுத்து மேசை இழுப்பறையில் வைத்துவிடுவேன். செய்யாவிட்டால் எண் வேறு யாருக்காவது போய்விடும். சேவைக்குக் கொடுத்தால் தினமும் ஓடும், போகாது என்று நினைத்தேன். சிம் என் பெயரில் வாங்கியது. அறக்கட்டளைக்கு என்று எழுதிக் கொடுத்தேன். யாருடைய எண் என்று சவுரிராயன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பிறகு அதை நாற்பது ஊர்களில் சுவரில் எழுத வைத்தேன்.

ஜனவரிக் கடைசியில் சென்னையிலிருந்து கடிதம் வந்தது. பணம் கொடுக்கும் நிறுவனத்தின் கடிதம். சவுரிராயன் நின்றுகொண்டு உரக்கப் படித்தார். மார்ச் இருபதாம் தேதி ஆய்வாளர் வருவார். வரும் செய்திகளில் பாதிக்காவது சரியான பதில் போயிருக்க வேண்டும். இல்லையென்றால் சேவை மூடப்படும். பட்டியலில் உள்ள பொருள்கள் அனைத்தும் சென்னைக்குத் திரும்ப வேண்டும்.

"பட்டியல்ல என்னென்ன ஐயா?" என்று கேட்டேன்.

"கணினி ஒண்ணு. மோடம் ஒண்ணு. மேசை ரெண்டு. மின்விசிறி..." பேனாவால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார். "பதினாலாவது ஐட்டம், சிம் அட்டை ஒண்ணு."

"சிம்முமா?"

"பட்டியல்னா பட்டியல்தான் தம்பி. அங்க கொண்டுபோய் இன்னா பண்ணுவாங்க? ஏதாவது அலமாரியில போட்டு வெப்பாங்க."

அலமாரியில் மூன்று மாதம் கிடந்தால் எண் செத்துவிடும். அன்று மதியம் நான் சாப்பிடவில்லை. ஒரு மாதச் செய்திகள் முழுவதையும் அச்செடுத்து உட்கார்ந்தேன்.

எல்லாம் ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ். அந்த ஒன்பதைத் தவிர ஒரு செய்தியிலும் முதல் சொல் பயிராக இல்லை. நாற்பத்தோரு பேர் பிள்ளையார் சுழிக்குப் பதிலாக ஆங்கில யு போட்டுத் தொடங்கியிருந்தார்கள். எங்களைப் போன்ற கிறிஸ்தவர்கள் சிலுவைக்குப் பதிலாகக் கூட்டல் குறி போட்டிருந்தார்கள். மற்றவர்கள் வணக்கம் சொன்னார்கள். வணக்கத்துக்குப் பிறகு பெயர். பெயருக்குப் பிறகு தகப்பன் பெயர். ஊர். ஏரிக்குக் கிழக்கா மேற்கா. நூற்றறுபது எழுத்தோடு செய்தி முடிந்துவிடும். கேள்வி அதற்குள் வந்து சேரவில்லை.

ஒலக்கூர் தேவநாதன் என்பவருடைய செய்திகள் மட்டும் ஒரு முழுப் பக்கம்.

காலை 7.10: 'வணக்கம் ஐயா. நான் ஒலக்கூர் தேவநாதன். மல்லாட்டை விலை தெரியணும்.'

கணினி: 'தவறான சொல். சரியாக அனுப்பவும்.'

7.14: 'மன்னிக்கவும் ஐயா.'

கணினி: 'தவறான சொல். சரியாக அனுப்பவும்.'

7.21: 'தெரியாமல் செய்துவிட்டேன். பெரியவர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.'

கணினி: 'தவறான சொல். சரியாக அனுப்பவும்.'

மதியம் வரை பதினொரு முறை மன்னிப்புக் கேட்டிருந்தார். பதின்மூன்றாவது செய்தி: 'நேரில் வருகிறேன்.' கணினி அதையும் தவறு என்றது.

ஆனால் அவர் வந்தார். பிப்ரவரி முதல் வாரம். ஐம்பது வயது இருக்கும். வெள்ளை வேட்டி, கையில் மஞ்சள் பை. செருப்பைப் படிக்கட்டிலேயே விட்டுவிட்டு ஏறியிருந்தார்.

"சாரு இருக்காருங்களா?"

"எந்த சாரு?" என்றாள் கலைமதி.

"போன்ல பதில் போடுவாரே. கொஞ்சம் கோவக்காரரு."

கலைமதி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. என்னைக் காட்டினாள். அவர் பையை என் மேசைமேல் வைத்தார். மல்லாட்டை. ஒரு படிக்குக் குறையாது.

"ஊட்டு மல்லாட்டைங்க. மனசுல வெச்சிக்காதீங்க."

"ஐயா, பதில் போடுறது நான் இல்லை. மிஷின்."

அவர் கணினியைப் பார்த்தார். பிறகு பையைப் பார்த்தார். திரும்ப எடுத்துக்கொள்ளலாமா என்று யோசித்ததுபோல் இருந்தது. எடுக்கவில்லை.

"மிஷினுக்கு என் மேல இன்னாங்க கோவம்?"

"கோபம் இல்லை. விஷயத்தை முதல்ல போடணும். 'மல்லாட்டை திண்டிவனம்'. அவ்வளவுதான்."

"வணக்கம்?"

"வேண்டாம்."

"பேரு?"

"வேண்டாம்."

"யாரு கேக்கறாங்கன்னு தெரிய வேணாங்களா?"

"வேண்டாம்."

"அதுக்குப் பேரு மொட்டைக் கடுதாசிங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எங்க ஊர்ல அந்தக் காலத்துல ஒருத்தன் தலைவருக்கு மொட்டைக் கடுதாசி போட்டான். நாப்பது வருசம் ஆவுது. இன்னும் அந்த ஊட்டுக்கு எவனும் பொண்ணு குடுக்கறதில்ல. எனக்கு ரெண்டு பசங்க இருக்கறானுங்க."

விலையைக் கலைமதி வாயாலேயே சொல்லி அனுப்பினாள். அது கணக்கில் வராது.

நான் வணக்கங்களைப் பட்டியல் எடுத்தேன். வணக்கம், ஐயா, சார், கும்பிடுறேன், தோத்திரம், நலமா, சௌக்கியமா. அறுபத்து நான்கு வந்தன. அவற்றையெல்லாம் தள்ளிவிட்டு மிச்சத்தில் பயிரைத் தேடும்படி நிரலை மாற்றினேன். மூன்று இரவு வேலை. இனி யாரும் எதையும் மாற்றிக்கொள்ள வேண்டாம் என்று நினைத்தேன்.

பத்து நாள் கழித்துப் பார்த்தால் நூற்றுக்குப் பத்தொன்பது.

இப்போது சிக்கல் வேறு. பலர் வெறும் வணக்கத்தை மட்டும் அனுப்பினார்கள். 'நல்லா இருக்கீங்களா?' கணினி வணக்கத்தைத் தள்ளிவிட்டுப் பார்த்தது. மிச்சம் ஒன்றும் இல்லை. பேசாமல் இருந்துவிட்டது. இரண்டு மணி நேரம் கழித்து அதே ஆளிடமிருந்து: 'கோவமா?' மறுநாள்: 'உடம்பு கிடம்பு சரியில்லையா?' அதன்பிறகு செய்தி இல்லை.

"விலையைக் கேட்டாத்தானே விலை சொல்ல முடியும்?" என்றேன்.

கலைமதி மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். "சார், நீங்க பஸ் ஸ்டாண்டுல முன்ன பின்ன தெரியாத ஒரு ஆள்கிட்டப் போய், மூஞ்சிக்கு நேரா நின்னு, 'மல்லாட்டை திண்டிவனம்'னு சொல்லுவீங்களா?"

"இது பஸ் ஸ்டாண்டு இல்லை."

"நல்லா கீறியான்னு கேக்கறாங்க. நல்லாகீறேன்னு பதில் வந்தாத்தான் அடுத்த பேச்சு. பதிலே சொல்லலன்னா பேச இஷ்டமில்லன்னு அர்த்தம்." உரித்ததை வாயில் போட்டுக்கொண்டாள். "மிஷினு அப்படியே உங்கள மாரியே இருக்குது சார். தெனமும் காலைல நல்லா இருக்கீங்களான்னு கேக்கறேன். ஒரு நாளாவது பதில் சொல்லியிருக்கீங்களா?"

"ம்" என்றேன்.

"அதான்" என்றாள்.

அந்த ஞாயிறு பூசை முடிந்து பாக்கியமேரி அத்தை வீட்டுக்கு வந்தார். ரோஸ்லினின் அம்மா. விழுப்புரத்தில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை குழம்பு கொண்டுவருவார். அன்று குழம்புப் பாத்திரத்தை வைத்த சத்தமே வேறாக இருந்தது.

"மாப்ள, அனந்தபுரத்துல எங்க அண்ணன் ஊட்டுக்குப் போயிருந்தேன். சந்தை கிட்ட செவுத்துல எவனோ என் பொண்ணு நம்பர எழுதி வெச்சிருக்கான்."

"நான்தான் அத்தை."

அவர் உட்கார்ந்தார். "பக்கத்துல இன்னா படம்னு தெரியுமா?"

"தெரியாது."

"எருமை. தவுட்டு விளம்பரம். என் பொண்ணு நம்பருக்குப் பக்கத்துல எருமை நின்னுக்கினு நாக்கை நீட்டுது."

"வேற சுவர் கிடைக்கலை போல."

"மாதா கோயில் செவுரு சும்மாதானே கீது? அதுல எழுதக் கூடாதா?"

எழுதியது அவருக்குக் கோபம் இல்லை, எருமைதான் கோபம் என்று அப்போது தெரிந்தது. ஆனால் இன்னொரு விஷயம் எனக்குத் தெரியும். நான் அதைச் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. தினமும் மாலை ஆறு மணிக்கு அவருடைய போனிலிருந்து எங்கள் எண்ணுக்கு ஒரு அழைப்பு வரும். ரோஸ்லின் வேலை முடிந்து பஸ் ஏறும் நேரம் அது. அம்மா போன் போட்டு 'ஏறிட்டியா?' என்று கேட்பது வழக்கம். சிம் இழுப்பறையில் இருந்தவரை 'அணைத்து வைக்கப்பட்டுள்ளது' என்றுதான் கேட்டிருப்பார். சேவை தொடங்கிய நாளிலிருந்து மணி அடித்தது. மோடம் இரண்டு மணி அடித்ததும் அழைப்பை வெட்டிவிடும். மறுநாள் மறுபடி ஆறு மணி. எங்கள் பதிவேட்டில் அவர் ஒரு வரி: 'தினசரிப் பயனர். தேடல் இல்லை.'

எண் போனால் அதுவும் போகும்.

சரியான யோசனை அரங்கநாதனிடமிருந்து வந்தது. சுவரில் எழுதிய ஓவியர் அவர். மாடிப்படி ஏறும்போதே கத்திக்கொண்டு வந்தார்.

"சார், பெரிய பேஜாரா பூட்சி சார். தெனமும் முப்பது பேரு எனக்குப் போன் பண்ணிக்கினு இருக்கறான். மல்லாட்டை இன்னா வெல, உளுந்து இன்னா வெலன்னு."

"உங்களுக்கு ஏன் பண்றாங்க?"

தலையைச் சொறிந்தார். சுவர் எழுதும் எல்லோரும் செய்வதைத்தான் அவரும் செய்திருந்தார். நாற்பது சுவரிலும் எங்கள் எண்ணுக்குக் கீழே 'அரங்கநாதன் ஆர்ட்ஸ்' என்று போட்டு, தன் எண்ணையும் எழுதியிருந்தார். எங்கள் எண்ணைவிடக் கொஞ்சம் பெரிதாக.

"கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"இன்னா சொல்றது? நல்லா கீறீங்களாம்பான். நல்லாகீறேன், நீ நல்லா கீறியாம்பேன். அவன் மாடு, மச்சான், மழை எல்லாம் சொல்லுவான். அப்பறம் மல்லாட்டைம்பான். இருடான்னுட்டு கமிட்டிக்குப் போன் போட்டுக் கேட்டு, திரும்பி அவனுக்குப் போட்டுச் சொல்லுவேன். பாதி பேரு மிஸ்டு கால்தான் குடுக்கறான் சார். நான்தான் போடணும்."

"முப்பது பேருக்கும் சொல்லிடுவீங்களா?"

"கேட்டா சொல்லாம இருக்க முடியுமா? மனுசன்தானே?"

கணக்குப் போட்டேன். நூற்றுக்கு நூறு. கணினி இல்லை, மோடம் இல்லை, எம்.சி.ஏ. இல்லை.

அன்றே புதிதாக எழுதினேன். யாரும் எதையும் தட்ட வேண்டாம். எங்கள் எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் போதும். வணக்கம் மட்டும் அனுப்பினாலும் போதும். கணினி முதலில் பேசும்:

'வணக்கம். இங்கு நலம். அங்கு நலமா? மல்லாட்டைக்கு 1, நெல்லுக்கு 2, கேப்பைக்கு 3, உளுந்துக்கு 4 அனுப்பவும்.'

எண் வந்தால், திண்டிவனம், விழுப்புரம் இரண்டு ஊர் விலையும் போகும்.

சவுரிராயன் சிவப்புப் பேனாவோடு வந்தார். "'இங்கு நலம்'னு போட்டிருக்கீங்க. கணினி எப்படித் தம்பி நலமா இருக்கும்? பொய்த் தகவல் ஆயிடாதா?"

"கரண்டு இருந்தா நலம்தானே ஐயா" என்றாள் கலைமதி. "கரண்டு இல்லன்னா மெசேஜே போவாது. பொய்யே வராது."

அவர் சற்று யோசித்து, பேனாவை மூடினார்.

ஆறரை மணிக்குக் கலைமதியின் போனிலிருந்து மிஸ்டு கால் கொடுத்துப் பார்த்தோம். வந்தது.

"உங்க போன்ல ஒரு தடவ பாருங்களேன் சார்."

"ஒண்ணு போதும்."

அவள் என் போனை ஒருமுறை பார்த்தாள். வேறு கேட்கவில்லை. என் போனில் அந்த எண் இன்னும் 'ரோஸ்லின்' என்றுதான் பதிந்திருந்தது.

அந்தச் செய்தியைத் தட்டும்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ரயிலில் முண்டியம்பாக்கம் தாண்டும்போதுதான் தோன்றியது. நாளை மாலை ஆறு மணிக்கு பாக்கியமேரி அத்தை போன் செய்வார். மோடம் வெட்டும். வெட்டிய அடுத்த நிமிடம், மகளுடைய எண்ணிலிருந்து அவருக்குச் செய்தி வரும். 'இங்கு நலம். அங்கு நலமா?'

மறுநாள் முதல் ரயிலில் போய் ஒரு வரி சேர்த்தேன். அந்த ஒரு எண்ணிலிருந்து வரும் அழைப்புக்குப் பதில் கிடையாது.

மிஸ்டு கால்கள் குவிந்தன. எண்கள் வந்தன. கூடவே வேறொன்றும் வந்தது. நலமா என்று கேட்டுவிட்டோம் அல்லவா, எல்லோரும் பதில் சொன்னார்கள்.

'நலம்.'

'நலம். பெரிய மாடு கன்று போட்டது. கிடாரி.'

'இங்கும் நலம். மழைதான் இல்லை.'

தேவநாதனிடமிருந்து: 'மிக்க நலம். கோபம் தீர்ந்ததில் மகிழ்ச்சி.'

செய்தியில் எங்கே எண் இருந்தாலும் கணினி பிடித்துக்கொள்ளும்படி செய்திருந்தேன். பனமலையிலிருந்து ஒருவர், 'நலம் இல்லை, பையன் 2 மார்க்கில் போய்விட்டான்' என்று அனுப்பினார். கணினி அவருக்கு நெல் விலையைச் சொல்லித் தேற்றியது. 'சரி, எல்லாம் அவன் செயல்' என்று பதில் அனுப்பினார்.

மார்ச் இருபது. வெள்ளிக்கிழமை. ஆய்வாளர் சீனுவாசன் மதியம் மூன்று மணிக்கு வந்தார். மெலிந்த மனிதர். தோளில் மடிக்கணினிப் பை, கையில் அச்சடித்த படிவம். காபி வேண்டாம் என்றார். அது நல்ல அறிகுறி இல்லை என்று சவுரிராயன் என் காதில் சொன்னார்.

புதிய முறை தொடங்கியதிலிருந்து வந்த செய்திகள் அறுநூற்று இருபது. விலை சொன்னது இருநூற்று ஐம்பத்து நான்கு.

"நாற்பத்தொரு சதவீதம்" என்றார் சீனுவாசன். படிவத்தில் எழுதப் போனார்.

"சார், இருங்க சார்" என்றாள் கலைமதி. "அதுல இருநூத்தி நாப்பது பேரு நலம்னு அனுப்பியிருக்காங்க. அதைக் கழிங்க. மிச்சத்துல பாருங்க. அறுபத்தேழு வருது."

"ஏன் கழிக்கணும்? வந்த செய்திதானே? பதில் போகலை. தோல்வி."

"அவங்க ஒண்ணும் கேக்கலையே சார். நாம கேட்டோம், அவங்க பதில் சொன்னாங்க."

"விலை கேட்கிற சேவையில நலம்னு எதுக்கும்மா அனுப்பணும்? படிக்கத் தெரியாதவங்க, புரிஞ்சுக்காம அனுப்பறாங்க. அப்போ வடிவமைப்புல தப்பு இருக்குன்னுதானே அர்த்தம்?"

அவர் சொன்னது தவறு என்று நினைக்கவில்லை. பதினாலாவது ஐட்டம் எந்த உறையில் போகும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"நீங்களே ஒரு தடவ பண்ணிப் பாத்துட்டு எழுதுங்க சார்" என்றாள் கலைமதி.

படிவத்தில் அதற்கும் ஒரு கட்டம் இருந்தது. 'ஆய்வாளர் நேரடிச் சோதனை.' சீனுவாசன் தன் போனிலிருந்து மிஸ்டு கால் கொடுத்தார். செய்தி வந்தது. படித்தார். கட்டைவிரலால் ஏதோ தட்டினார். அனுப்பினார். விலைக்காகக் காத்திருந்தார்.

விலை வரவில்லை.

"பாத்தீங்களா?" என்றார். "வேலை செய்யலை."

கலைமதி கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினாள். கடைசியாக வந்த செய்தி அதில் இருந்தது.

'நலம். அம்மாவுக்குத்தான் முட்டி வலி.'

சவுரிராயன் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முதுகு குலுங்கியது.

"கை தானாவே..." என்றார் சீனுவாசன். முடிக்கவில்லை.

"ஒரு முட்டியா சார், ரெண்டு முட்டியுமா?" என்றாள் கலைமதி. நிஜமான அக்கறையோடுதான் கேட்டாள்.

"ரெண்டும்."

"வேப்பெண்ணெய் போடச் சொல்லுங்க."

அவர் மறுபடி 1 அனுப்பினார். விலை வந்தது. படிவத்தில் இருநூற்று நாற்பதைக் கழித்தார். கொஞ்சம் யோசித்துத் தன்னுடையதையும் கழித்தார். காபி வருமா என்று கேட்டார்.

காபி குடித்துக்கொண்டே நிரலைப் பார்த்தார். விஷயம் தெரிந்தவர். ஒரு வரியில் விரலை வைத்தார்.

"இது என்ன? ஒரு எண்ணை மட்டும் விலக்கி வெச்சிருக்கீங்க."

"ஆமாம்."

"தினமும் ஆறு மணிக்கு அழைக்கிறாங்க. தினசரிப் பயனர். இவங்களுக்கு மட்டும் ஏன் பதில் இல்லை?"

"என் மாமியார்."

"மாமியார்னா பதில் போடக் கூடாதா?"

கலைமதி எழுந்து நின்றாள். எப்போதோ ஊகித்திருந்தாள் போல; என்னை முந்திக்கொண்டு சொல்லிவிடுவாள் என்று தோன்றியது. நானே சொன்னேன்.

"சேவையின் எண் என் மனைவியோடது. அவங்க இறந்துட்டாங்க. அம்மா அந்த எண்ணுக்குத்தான் போன் பண்றாங்க."

சவுரிராயன் திரும்பிப் பார்த்தார். சீனுவாசன் டம்ளரைக் கீழே வைத்தார்.

"மன்னிக்கணும்" என்றார். "ஆனா யாரையும் விலக்கக் கூடாதுன்னு விதி இருக்கு. மூணாம் பக்கம். விலக்கி இருந்தா சேவையை ஏத்துக்க முடியாது. சென்னையில இதைத்தான் முதல்ல பார்ப்பாங்க."

மணி ஐந்து ஐம்பது.

"எடுத்துடுறேன்" என்றேன். எடுத்தேன். ஒரு வரிதான். கூடவே, அவருக்குப் போன் செய்து முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். என்ன சொல்வது என்று தெரியவில்லை. 'அத்தை, ஆறு மணிக்கு ரோஸ்லின் எண்ணிலிருந்து ஒரு செய்தி வரும், பயப்படாதீங்க.' அதைவிட எருமை மேல்.

சீனுவாசனுக்கு ஐந்து ஐம்பத்தைந்துக்குப் பஸ். அவர் போகவில்லை. யாரும் போகவில்லை.

ஆறு மணிக்கு அழைப்பு வந்தது. மோடம் இரண்டு மணி அடித்து வெட்டியது. திரையில் பதில் போன வரி தெரிந்தது. 'வணக்கம். இங்கு நலம். அங்கு நலமா?'

ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். கலைமதி துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். நான்காவது நிமிடம் திரையில் ஒரு வரி கூடியது.

'3.'

கணினி கேப்பை விலையைச் சொன்னது. சீனுவாசன் படிவத்தை எடுத்து, 'வெற்றி' என்ற கட்டத்தில் ஒன்றைக் கூட்டினார். பதினாலாவது ஐட்டத்துக்கு எதிரே 'இங்கேயே பயன்பாட்டில் தொடரும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

நான் ஸ்டேஷனுக்கு நடந்துகொண்டிருக்கும்போது போன் அடித்தது.

"மாப்ள, கேப்பை ஏறிடுச்சி தெரியுமா?"

"யாரு சொன்னா அத்தை?"

"யாரு சொல்லுவா? நீங்க செவுத்துல எழுதி வெச்ச நம்பருதான். இத்தினி நாளா மணியடிச்சுட்டு பூடும். இன்னிக்கி மெசேஜ் வந்துச்சி. பக்கத்து ஊட்டுப் பொண்ணத்தான் படிக்கச் சொன்னேன். வணக்கமாம், இங்க நலமாம், அங்க நலமாவாம்."

நான் நின்றுவிட்டேன். "பயந்துட்டீங்களா?"

"எதுக்கு பயப்படணும்? மிஷினுன்னு எனக்குத் தெரியாதா? அவ என்னைக்கு எனக்கு வணக்கம் சொன்னா? 'இன்னாம்மா, சும்மா சும்மா போன் பண்ணிக்கினு'ன்னுதான் எடுக்கும்போதே ஆரம்பிப்பா." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. சிரித்தது போலவும் இருந்தது. "நல்ல பதவிசாத்தான் பேசுது. செத்தாலும் என் பொண்ணுக்கு அந்தப் பதவிசு வராது."

"மூணு எதுக்கு அனுப்புனீங்க?"

"கேக்குதே, பாவம், ஒண்ணு ரெண்டு மூணுன்னு. எதையாவது சொல்லணும்ல? அவளுக்குக் கேப்பைக் கூழுதான் புடிக்கும்."

ஸ்டேஷனில் பாசஞ்சர் பத்து நிமிடம் தாமதம் என்று அறிவித்தார்கள்.

"நீங்க நல்லா இருக்கீங்களா மாப்ள?"

"ம்" என்றேன். பிறகு, "கேப்பை எவ்வளவாம்?" என்று கேட்டேன்.

"அதான் நம்பரு இருக்குதே. நீங்களே கேட்டுக்குங்க." போனை வைத்துவிட்டார்.

நடைமேடையில் பெஞ்சு காலியாக இருந்தது. உட்கார்ந்தேன். ரயில் வர இன்னும் ஏழு நிமிடம். போனில் 'ர' வரைக்கும் இறங்கினேன்.

மிஸ்டு கால் கொடுத்தேன்.